ஒரு கொத்து உப்பின் நிறை என்ன?

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கி வரும் பெருந்தெருவிலே, நகரை அடையுமுன் பாலாவி என்னுஞ் சந்தி எதிர்ப்படும். கற்பிட்டிக்குச் செல்லுந் தெரு அங்கிருந்துதான் பிரிகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் அவ்வழியே பிரயாணஞ் செய்தோர், வெயிலிற் பளபளக்கும் உப்புப் பாத்திகளையும், வரம்புகளிலே சிறு வெண்குன்றுகள்போலக் குவிந்து கிடக்கும் உப்பையும் கண்டிருப்பர். தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் தென்மேற்கிலே மழையைச் சொரிந்துவிட்டு, இக்கரையில் வெறுங்காற்றாய் வீசுங் காலம் அது. விவசாயிக்குத் துன்பந் தரும் அந்த வறட்சியே உப்பு விளைவிப்போனுக்குப் பருவமழை போன்றது.

அத்தகைய ஒரு நாளிலே நம் மாணவர் பன்னிருவரை உப்பளங் காட்ட அழைத்துச் சென்றோம். அங்கே எழுந்த ஒரு சிறு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வரம்போரத்தில் முதியவர் ஒருவர் உப்புக் குவியலொன்றின் பக்கத்தே அமர்ந்திருந்தார். அவரருகிற் பழைய தகரக் கொத்தொன்று கிடந்தது. கொத்து என்பது இன்று சட்டப்படி வழங்கும் அளவையன்று. எனினும் நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் அது இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றது. அதைக் கண்ட நாம் மாணவரைப் பார்த்து, "ஒரு கொத்து உப்பின் நிறை என்ன?" என்று கேட்டோம்.

"ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், சேர்" என்றான் ஒருவன்.

"பிழை. நிறையை நியூற்றனில் அல்லவா சொல்லவேண்டும்? கிலோகிராம் என்றால் அது திணிவு" என்று மறுத்தான் மற்றவன்.

முன்னவன் விட்டானில்லை. தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தான். அது தமிழ்நாட்டிலே அச்சிடப்பட்டது. 'நிறையின் அலகு கிலோகிராம்' என்பதே அதன்படி சரியான விடை. இருவரும் நம் முகத்தை நோக்கினர்.

நாம் வாய் திறக்குமுன் முதியவர் குறுக்கிட்டார். "தம்பிமாரே, முதலில் எந்த உப்பு என்று சொல்லுங்கள். இன்றைக்கு வாரின உப்பா, ஒரு மாதம் கிடந்து காய்ந்த உப்பா? கல்லா, தூளா? குவித்து அளந்ததா, தலைதட்டி அளந்ததா?"

அவருடைய கேள்விகளுக்கு விடை காணாமல் மாணவரின் வழக்கைத் தீர்த்தல் இயலாது. ஆதலின் அவரிடமிருந்தே தொடங்குவோம்.

கொத்துக்குள் எவ்வளவு காற்று?

கொத்து என்பது முகத்தலளவை. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த இடத்தின் அளவே கனவளவு எனப்படுவது. பழைய கணக்கின்படி நான்கு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். ஆங்கிலேயரின் புசல் 36.37 லீற்றர் கொள்வது. எனவே ஒரு கொத்து ஏறக்குறைய 1.14 லீற்றர் ஆகும்.

உப்புக் கல்லின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம். இடைவெளி சிறிதுமின்றி ஒரே கட்டியாக உப்பை அக்கொத்துக்குள் வார்க்க முடியுமானால், அது இரண்டரைக் கிலோகிராமுக்குச் சற்றே குறைவாக இருக்கவேண்டும். ஆனால் முதியவரின் கொத்திலே கல்லுப்பை நிரப்பித் தராசிலிட்டால் அதிற் பாதியளவே நிற்கும். மறுபாதிக்கு என்ன நேர்ந்தது? கல்லுக்கும் கல்லுக்குமிடையே காற்று இருக்கின்றது. கொத்துக் கணக்கிற் கல்லுப்பு வாங்குவோர் ஏறத்தாழப் பாதிக் கொத்துக் காற்றையும் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

அதே உப்பை இடித்துத் தூளாக்கினால் சிறு துகள்கள் இடைவெளிகளிற் புகுந்துகொள்ளும். கொத்துக்குள் அதிக உப்பு அடங்கும். நிரப்பிய கொத்தை நிலத்திலே நாலு தட்டுத் தட்டினால் உப்பு இறங்கி, மேலும் ஒரு பிடி கொள்ளும். குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் வேறொரு கணக்கு. அளப்பவன் கையைப் பொறுத்து அளவு மாறுமாதலால், பழைய நாளிலே கொடுக்கும்போது ஒருவிதமாகவும் வாங்கும்போது வேறுவிதமாகவும் அளந்தனர் என்ற பழி வியாபாரிகளை விட்டு அகன்றதில்லை. எல்லா வியாபாரிகளையும் நாம் சொல்லவில்லை.

முதியவரின் முதற் கேள்வி இன்னும் நுட்பமானது. இன்று வாரிய உப்பு ஈரமானது. அந்த ஈரம் வெறும் நீருமன்று. கடல்நீர் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 1,025 கிலோகிராம் திணிவுடையது. அதிலே கறியுப்பு 28 கிலோகிராம் அளவே உண்டு. பாத்தியிலே நீர் வற்றிக்கொண்டுவர, முதலிற் சுண்ணமும் கிப்சமும் படியும். நீரின் கனவளவு பத்திலொரு பங்காகச் சுருங்கிய பின்னரே கறியுப்பு மணியாகத் தொடங்கும். நீரமானியை மிதக்கவிட்டு, அது போமே அளவில் 25 பாகையைக் காட்டும்வரை காத்திருந்தே உப்புப் பாத்திக்கு நீரைப் பாய்ச்சுவர். 29 அல்லது 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவர். அந்நீரில் மகனீசிய உப்புக்கள் மிகுதி. அவற்றில் ஒரு பகுதி உப்புமணிகளிலே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குவியலிலே வாரக்கணக்காகக் கிடக்கும்போதுதான் அது மெல்ல மெல்ல வடியும். வடிய வடியக் குவியலின் திணிவு குறையும், குணமோ கூடும். கசப்பு நீங்கி, உப்பு வெண்மை பெறும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உப்புமணிகள் ஒன்றன்மேலொன்று தாங்கி நிற்கின்றமையால், நீர் வடிந்தபோதும் குவியலின் உருவம் அவ்வளவாக மாறுவதில்லை. கொத்தினால் அளந்தால் பழைய உப்பும் புதிய உப்பும் ஒன்றுபோலவே தோன்றும். தராசிலிட்டாலோ புதிய உப்பு 'கூட' நிற்கும். கூடியது உப்பன்று, கசப்பு நீர். ஈர உப்பை நிறுத்து விற்பவனுக்கு ஆதாயம். காய்ந்த உப்பை நிறுத்து வாங்குபவனுக்கு ஆதாயம். தராசு பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் இது மறுபடி தலைகீழாகும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 வீதத்தைக் கடந்தால் சுத்தமான உப்புங்கூடக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். மகனீசியங் கலந்த உப்போ அதற்கு வெகு முன்னரே கசியத் தொடங்கிவிடும். நம் வீட்டுச் சாடியிலுள்ள உப்பு மார்கழியிற் கூழாவது இதனாலேயே.

நெல்லும் அரிசியும்

கனவளவு ஒன்றாயிருக்கத் திணிவு வேறுபடுமென்பதை நம் நாட்டு நெற்சந்தை நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்றும், ஒரு புசல் அரிசி 64 இறாத்தல் என்றும் கணக்கு. பாத்திரம் ஒன்றே, ஆனால் உமி பருத்தது, பாரமற்றது. 64 இறாத்தலை 32 கொத்தால் வகுத்தால், ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல் என வரும். இந்த இரண்டு இறாத்தற் கொத்து இலங்கையின் அரசியலையே அசைத்திருக்கின்றது. 1953ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1970 மே மாதப் பொதுத்தேர்தலிலும் கொத்தே கதாநாயகன். இரண்டு கொத்து அரிசி தருவோம், சந்திரமண்டலத்திலிருந்தேனும் கொண்டுவந்து தருவோம் என மேடைகளில் முழங்கியதை முதியோர் இன்றும் சொல்லிச் சிரிப்பர். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 1969 ஜூலையில், மனிதன் சந்திரனிற் கால் வைத்திருந்தான். ஆகவே அப்பேச்சுக்கு அன்று ஒரு கவர்ச்சி இருந்தது.

அரிசி வந்ததா இல்லையா என்பது கிடக்கட்டும். சந்திரனிலே ஒரு கொத்து அரிசியை அளந்தால் என்ன ஆகும் என்று நம் மாணவரிடம் கேட்டோம். இங்கேதான் அவர்களுடைய வழக்கின் உள்ளீடு இருக்கின்றது.

கொத்து அங்கும் நிரம்பும், கனவளவு மாறாது. அரிசியின் மணிகளிலே ஒன்றேனும் குறையவில்லை. இரண்டு பேர் உண்டு பசியாறக்கூடிய சோறு அங்கும் இரண்டு பேருக்கே ஆகும். இவ்வாறு, பொருள் எங்கே போனாலும் அதனோடு கூடவே போகின்ற, பொருளின் உள்ளடக்கம் எவ்வளவு என்பதே திணிவு. ஆனால் அரிசிப் பையைக் கையிலே தூக்கினால் பஞ்சுபோல இருக்கும். சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறிலொரு பங்கு. அரிசியை விற்றராசிலே தொங்கவிட்டால் இரண்டு இறாத்தலுக்குப் பதிலாக ஐந்தேகால் அவுன்சளவே அது காட்டும். கீழே இழுக்கும் அந்த விசையே நிறை. விசையாதலின் அதன் அலகு நியூற்றன்.

அதே அரிசியை இருதட்டுத் தராசின் ஒரு தட்டிலும், படிக்கற்களை மறுதட்டிலும் வைத்தால் முடிவு வேறு. அரிசியின் இழுப்பு ஆறிலொன்றாகக் குறையும்போது படிக்கல்லின் இழுப்பும் ஆறிலொன்றாகக் குறையும். முள் நடுவிலேயே நிற்கும். பாட்டனார் காலத்துத் தராசு திணிவை ஒப்பிடுகின்றது. கொக்கியில் தொங்கும் விற்றராசு நிறையை அளக்கின்றது. இரண்டிலும் முகப்பிலே 'கிலோகிராம்' என்று எழுதியிருப்பதுதான் மயக்கத்துக்குக் காரணம்.

விண்கலத்திலே மிதக்கும் வீரர்க்கு இவ்விரண்டு கருவியும் பயன்படா. அவர்கள் வில்லோடு பிணைத்த ஆசனத்தில் அமர்ந்து முன்னும் பின்னும் ஆடித் தம் திணிவை அறிகின்றனர். திணிவு கூடினால் ஆட்டம் மெதுவாகும்.

கடலுக்கு அப்பால் ஒரு சொல்

இனி அந்தப் புத்தகம். மன்னார்க் குடாவுக்கு இக்கரையிலே புத்தளம், அக்கரையிலே தூத்துக்குடி. இரண்டும் உப்பு விளையும் ஊர்கள். இரண்டிலும் தமிழ் வழங்குகின்றது. ஆனால் பௌதிகவியல் நூல்களிலே ஒரு சொல் கடலைக் கடக்கும்போது பொருள் மாறிவிடுகின்றது. இலங்கைப் பாடநூல்களிற் பொருளின் அளவு 'திணிவு'; பூமி இழுக்கும் விசை 'நிறை'. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலே பொருளின் அளவு 'நிறை'; பூமி இழுக்கும் விசை 'எடை'. இக்கரையிலே விசையைக் குறிக்கும் அதே சொல் அக்கரையிலே பொருளைக் குறிக்கின்றது! ஆர்முடுகல் என்பதை முடுக்கம் என்றால் மாணவன் புதிய சொல்லென்று விழித்துக்கொள்வான். 'நிறை' அப்படியன்று, தெரிந்த சொல்லின் முகமூடியோடு வருகின்றது.

ஐம்பது கிலோகிராம் மூட்டையின் நிறை என்னவென்று இலங்கைப் பரீட்சையிலே கேட்டால், புத்தளத்தில் ஏறக்குறைய 489 நியூற்றன் என்பதே விடை. அக்கரை நூலைப் படித்தவன் '50 கிலோகிராம்' என்றெழுதிப் புள்ளியை இழப்பான்; தான் என்ன பிழை செய்தான் என்பதும் அவனுக்கு விளங்காது. அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் இவ்வாறு தடுக்கி விழுந்ததை நாம் ஒரு முறையன்று, பல முறை கண்டிருக்கின்றோம். தமிழ்நாட்டு நூல்கள் மலிவும் தெளிவும் உடையன. அவற்றைப் படிக்க வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். இரு நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதே நம் மனக்குறை.

யாருடைய வழக்குச் சரி? நம் இலக்கண உரையாசிரியர் அளவை நான்கு என்பர்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். கொத்தால் முகத்தலும் தராசால் எடுத்தலும் வெவ்வேறு என்பதை முன்னோர் தெளிவாகவே பிரித்திருந்தனர். ஆனால் எடுத்தலுக்குள்ளே திணிவு, விசை என இரண்டு ஒளிந்திருப்பதை உலகம் உணர்ந்தது நியூற்றனின் பெருநூல் 1687இல் வெளிவந்த பின்னரே. பழைய தமிழில் 'நிறை' இரண்டுக்கும் பொதுவாய் நின்றது. புதிய அறிவு வந்தபோது அச்சொல்லை இக்கரையார் ஒரு பக்கமும் அக்கரையார் மறுபக்கமும் இழுத்துக்கொண்டனர். 'எடை' என்பது எடு என்னும் வினையடியாகப் பிறந்து, தூக்கும்போது கை உணரும் பாரத்தைச் சுட்டுவதால், விசைக்கு அது பொருத்தமாகவே நமக்குப் படுகின்றது. 'திணிவு' என்பதிலும் திணித்து வைக்கப்பட்டது என்ற பொருள் அழகாயிருக்கின்றது. நம்மைக் கேட்டால் இக்கரைத் திணிவையும் அக்கரை எடையையும் வைத்துக்கொண்டு, 'நிறை'யைப் பரீட்சைத் தாளிலிருந்து விலக்கிவிடலாம்! நம்மை யாருங் கேட்கவில்லை.

இலண்டனிலும் புத்தளத்திலும்

சந்திரன் வரையும் போக வேண்டியதில்லை. பூமியிலேயே இடத்துக்கிடம் நிறை மாறுகின்றது. இது தெரியவந்த கதை சுவையானது. 1672ஆம் ஆண்டு பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே, பாரிசிலே சரியாக ஓடிய ஊசற் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவிலுள்ள கயேனுக்குக் கொண்டு சென்றார். மத்தியகோட்டை அடுத்த அவ்வூரில் அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பலர் கருவியிலே பழுதென்றனர். மத்தியகோட்டருகே ஈர்ப்புக் குறைவு. பூமி துருவங்களிலே சற்றுத் தட்டையானது என்று பின்னர் நியூற்றன் விளக்கினார்.

நம் புத்தளமும் மத்தியகோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கேதான் உள்ளது. ஈர்ப்பினால் விளையும் ஆர்முடுகல் இலண்டனில் 9.81, இங்கே 9.78. இலண்டனிலே திருத்தமாக அமைத்த ஒரு விற்றராசை அப்படியே இங்கே கொண்டுவந்து ஐம்பது கிலோகிராம் உப்பு மூட்டையைத் தொங்கவிட்டால், ஏறக்குறைய 160 கிராம் குறைத்துக் காட்டும். மூட்டை வழியிற் சிந்தவில்லை. பூமி சற்று மெதுவாக இழுக்கின்றது. போதாக்குறைக்கு, உலகிலேயே ஈர்ப்பு மிகத் தாழ்ந்த பெரும்பள்ளம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரத்திலே இருக்கின்றது. அங்கே கடல்மட்டமே இருக்கவேண்டிய நிலையிலிருந்து 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. பூமியின் ஆழத்திலே அடர்த்தி குறைந்த சூடான பாறை பரவியிருப்பதே காரணமென்று பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் 2023இல் கணித்துக் கூறினர். கடைத்தராசுக்கு எட்டாத அளவு நுண்மையான விளைவுதான். ஆயினும் நம் வாசலிலே இருக்கும் அதிசயத்தை அறிந்துவைத்திருப்பதில் நட்டமில்லை.

கடைகளிலே பச்சை எழுத்து மின்னும் மின்தராசுகளும் உண்மையில் நிறையை உணரும் கருவிகளே. உள்ளேயிருக்கும் உலோகத் துண்டு வளைவதைக் கொண்டு அவை கணக்கிடுகின்றன. ஆகவே பயன்படுத்தும் ஊரிலேயே நியமப் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கவேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை தராசிலே இருக்கின்றதா என்று பார்ப்பது வாங்குவோர் உரிமை. வெட்கப்பட வேண்டியதில்லை.

கிளினிக்கிலே குழந்தையைக் காற்சட்டைபோன்ற துணியில் இருத்தித் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அதுவும் விற்றராசுதான். பிள்ளை காலை உதைத்தால் முள் ஆடும். அப்போது அதன் திணிவு கூடிக் குறையவில்லை, வில்லை இழுக்கும் விசையே மாறுகின்றது. பிள்ளை அமைதியான பின் முள்ளைப் பார்க்க வேண்டுமென்பது அதனாலேயே.

பெரிய தராசுக்கு ஓர் உதாரணம் நம் மாவட்டக் கரையிலேயே உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான நிலக்கரி பெருங்கப்பல்களில் வந்து, கரைக்கப்பால் வள்ளங்களுக்கு மாற்றப்படுகின்றது. இத்துணைப் பெரிய கப்பற் சரக்கை எந்தத் தராசிலே நிறுப்பது? கப்பலையே தராசாக்கிவிடுகின்றனர். கப்பலின் விலாவிலே எழுதியுள்ள இலக்கங்களைக் கொண்டு அது எவ்வளவு ஆழம் நீரில் அமிழ்ந்திருக்கின்றது என்று வாசிப்பர். அமிழ்ந்த பாகத்தின் கனவளவை நீரின் அடர்த்தியாற் பெருக்கினால் விலகிய நீரின் திணிவு வரும். மிதக்கும் கப்பலின் திணிவும் அதுவே. சரக்கு இறக்குமுன் ஒரு தடவையும் இறக்கிய பின் ஒரு தடவையும் பார்த்து, எரிபொருள், நிலைநீர் முதலியவற்றுக்குக் கழிவு செய்தால் நிலக்கரியின் கணக்கு முடிந்தது. இங்கும் உப்பு வந்து குறுக்கே நிற்கின்றது. கடல்நீரின் உவர்ப்பு இடத்துக்கிடம் மாறும். அறுபதினாயிரம் தொன் நீரை விலக்கும் கப்பலொன்றுக்கு, அடர்த்தி 1.020 ஆயிருக்க 1.025 என்று பிழையாக எடுத்துக்கொண்டால், கணக்கிலே ஏறக்குறைய 300 தொன் பிசகும். ஆகவே அளவையாளர் வாளியில் நீர் மொண்டு நீரமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பர். பாலாவிப் பாத்தியில் உப்பு விளைவிப்போன் செய்வதும் அதுவே.

அடுக்களையிலே

குடும்பத் தலைவியருக்கு இக்கதை எதற்கு என்று எண்ணவேண்டாம். தேங்காயெண்ணெய் ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம் அன்று. 920 கிராம் அளவே. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோகிராமாக இருப்பதால் எல்லாத் திரவமும் அப்படியே என்று நினைத்துவிடுகின்றோம். ஒரே விலைக்கு ஒருவர் லீற்றராகவும் ஒருவர் கிலோவாகவும் விற்றால், கிலோவாக வாங்குவதே இலாபம். 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் இருப்பது 690 கிராம் எண்ணெய்.

இது காசோடு போகும் நட்டம். உயிரோடு விளையாடும் இடமும் உண்டு. வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு ஜீவனிப் பொதி கிடைக்காத வேளையில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாமென்று வைத்தியர் கூறுவர். எல்லாம் தலைதட்டிய தேக்கரண்டி, உப்போ தூளுப்பு. குவித்து அள்ளினால் உப்பு மிகும். மிகுந்த உப்பு நீரிழந்த குழந்தைக்கு ஆபத்து. கல்லுப்பை அள்ளினாலோ கரண்டிக்குள்ளே காற்றுத்தான் பாதி. பாலாவி முதியவர் கேட்ட மூன்று கேள்விகளையும் அந்தத் தாய் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஜீவனிப் பொதிக்குள் எல்லாம் நிறுத்து வைத்திருப்பதால், அதிற் குறித்த அளவு நீரை மட்டும் சரியாக அளந்தாற் போதும். ஒரு பொதியை வீட்டிலே வைத்திருப்பது அரைக்கரண்டிக் கணக்கிலும் மேல்.

காய்ச்சல் மருந்தும் அப்படியே. பரசிற்றமோல் பாகுப் போத்தலில் '5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்' என்று அச்சிட்டிருப்பர். வேறு செறிவுள்ளவையும் உண்டு. முன்னது கனவளவு, பின்னது திணிவு. எவ்வளவு கொடுக்கலாமென்பதை வைத்தியர் தீர்மானிப்பதோ குழந்தை எத்தனை கிலோகிராம் என்பதைக் கொண்டு. வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மருந்தோடு தரும் அளவுக் குவளையை விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கரண்டியைத் தேடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். நம் வீட்டிலும் நடந்திருக்கின்றது.

உப்பைப் பற்றி இன்னொன்று. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனங் கூறுகின்றது. அது ஒரு தேக்கரண்டித் தூளுப்புக்குங் குறைவு. கருவாட்டுக்குப் பேர்போன இக்கரையில் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

உப்பளத்திலிருந்து புறப்படும்போது முதியவர் பழைய குவியலிலிருந்து ஒரு கொத்து உப்பைத் தலைதட்டி அளந்து மாணவர் பையிலே கொட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். கல்லூரிக்கு வந்ததும் ஆய்வுகூடத் தராசிலே அதை நிறுத்துப் பார்த்தனர். பின்னர் விற்றராசில் தொங்கவிட்டு நியூற்றனிலும் வாசித்தனர். வழக்காடிய இருவரும் அருகருகே நின்று இரண்டு விடையையும் கொப்பியில் எழுதிக்கொண்டனர்.

தமிழ்நாட்டுப் புத்தகம் வைத்திருந்தவன் அதை எறிந்துவிடவில்லை. அன்றிரவே விளக்கருகில் அமர்ந்து, 'நிறை' வருமிடந்தோறும் பென்சிலாற் கோடிட்டு மேலே 'திணிவு' என்றும், 'எடை' வருமிடந்தோறும் 'நிறை' என்றும் எழுதி வந்தானாம். அந்தப் புத்தகம் இப்போது அவன் தங்கையின் கையில் இருக்கின்றது. சில பக்கங்களில் அண்ணன் விட்டுவிட்டதை அவள் சிவப்பு மையால் திருத்தியிருக்கின்றாள்.